மலை ரோட்ல யார் நிக்கணும், யார் போகணும்?

வணக்கம் மக்களே. இன்னைக்கு இடம் சுத்திக் காட்டுற வீடியோ இல்ல. மலை ரோட்ல ரெண்டு வண்டி நேருக்கு நேர் வந்தா யார் நிக்கணும், யார் போகணும், அத மட்டும்தான் பேசப் போறேன். சீசன் நேரத்துல ஊட்டிக்கு ஏறுற குன்னூர் ரோட்லயும் கோத்தகிரி ரோட்லயும் நடக்குற சண்டை நிறைய இங்கதான் ஆரம்பிக்குது.

ஏறுற வண்டிக்குத்தான் முதல் வழி. இறங்குற வண்டி ஓரமா நின்னு விடணும். இது ஏதோ உள்ளூர் டிரைவருங்க தங்களுக்குள்ள வச்சிருக்குற பழக்கம்னு கீழ இருந்து வர்றவங்க நினைக்கிறாங்க. பழக்கமும்தான், ஆனா சட்டத்துலயே இருக்கு. 1989 சாலை விதிகள்ல இருந்துச்சு, 2017ல வந்த புது விதிகள்லயும் இருக்கு. அதனால நீங்க நிறுத்தி வழி விட்டா அது நீங்க பண்ற உபகாரம் இல்ல, அவருக்குச் சேர வேண்டியத குடுக்குறீங்க. போறப்ப அவர் கை காட்டலையேன்னு கோவப்படாதீங்க. அந்த வளைவுல அவருக்கு ரெண்டு கையும் ஸ்டீயரிங்ல வேணும்.

ஏன் ஏறுறவருக்கு முதல் வழி? ஏத்தத்துல நின்ன வண்டிய மறுபடி கிளப்புறதுதான் கஷ்டம். ஹேண்ட் பிரேக்கப் போட்டு, ஃபர்ஸ்ட் கியர் போட்டு, லேசா ஆக்சிலேட்டர் குடுத்து, கிளட்ச மெதுவா விட்டு, வண்டி முன்னால இழுக்குறது தெரிஞ்ச பிறகுதான் ஹேண்ட் பிரேக்க எடுக்கணும். முழு லோடு ஏத்தின வண்டி இத நாலு வளைவுல பண்ணினா கிளட்ச் கருகுற வாடை வந்துடும். ஹில் ஹோல்டு, அதான் ஏத்தத்துல வண்டி பின்னால உருளாம தானா பிடிச்சு வைக்குற வசதி, அது இருக்கேன்னு சொல்வீங்க. அது ரெண்டு மூணு செகண்டுதான் பிடிக்கும், அதுக்குள்ள நீங்க கிளம்பியிருக்கணும். அதனாலதான் ஏத்தத்துல நிக்குற பஸ்ஸுக்குப் பின்னால ஒட்டி நிக்காதீங்கன்னு சொல்றது. ஒரு கார் நீளமாவது இடம் விடுங்க, கிளம்புறப்ப அது கொஞ்சம் பின்னால வரும்.

மலையடிவாரத்துல இருக்குற கல்லாறுல இருந்து குன்னூர் வரைக்கும் 14 கொண்டை ஊசி வளைவு. பஸ்ஸு அதுல திரும்பணும்னா மூக்கு எதிர் பக்கம் வரைக்கும் போய்த்தான் திரும்பும், பின் சக்கரம் உள்பக்கம் வெட்டிட்டு வரும். ரோடு முழுசும் அதுக்கு வேணும். நீங்க இறங்குறப்ப வளைவுக்குள்ள நுழையறதுக்கு முன்னாடியே கீழ் ரோட்ட ஒரு பார்வை பாருங்க, மரம் மறைக்காத இடத்துல நல்லாத் தெரியும். பஸ்ஸு வருதுன்னா வளைவுக்கு மேலயே நின்னுடுங்க. வளைவோட வயித்துல போய் நின்னுட்டு "நான்தான் நின்னுட்டேனே"ன்னு சொன்னா பிரயோஜனமே இல்ல. ஒதுங்கும்போது மலைப்பக்கம் தண்ணி ஓடுற வாய்க்கால் இருக்கும், சக்கரம் அதுல இறங்கிடும். பள்ளத்துப் பக்கம் மழைக்கு ஊறின மண்ணு தாங்காது. ரெண்டு பக்கமும் தார் ரோட்ட விட்டு இறங்காதீங்க.

ரெண்டு பேருமே உள்ள வந்து மாட்டிக்கிட்டா? பொதுவா இறங்குற வண்டிதான் பின்னால போகணும். மேட்டுப் பக்கம் ரிவர்ஸ் எடுக்குறப்ப வண்டி என்ஜின் பிடியில இருக்கும், பிரேக்க நம்பி இருக்க வேண்டியதில்ல. ஏறி வந்த வண்டிய இறக்கத்துல பின்னால விடச் சொல்றது ஆபத்து. பின்னால பத்து வண்டி ஒட்டி நிக்குதா, கடைசி வண்டிதான் முதல்ல நகரணும். ஒருத்தர் இறங்கி நடந்து போய்ச் சொல்லுங்க. ஹார்ன் அடிச்சா பின்னால இருக்குறவருக்கு என்ன புரியும்?

எனக்கு ரொம்ப வருத்தமான விஷயம் இந்த ரெண்டாவது வரிசை. முன்னாடி நூறு வண்டி பொறுமையா நிக்குது. ஒருத்தர் வலது பக்கம் எடுத்து முந்திப் போறார். அவர் போனாரேன்னு இன்னும் நாலு பேர். எதிர்ல பஸ் வந்தா அவ்வளவுதான், மேலயும் போக முடியாது, கீழயும் வர முடியாது. பெரிய வைத்தியம்னா இங்க இருந்து இன்னும் நிறைய பேர் கோயம்புத்தூருக்குத்தான் இறங்கணும். அப்படி அடைச்சுட்டா நடுவுல மாட்டுற ஆம்புலன்ஸுக்கு ஒதுங்கிப் போக வழியே கிடையாது. அஞ்சு நிமிஷம் மிச்சம் பிடிக்குறதுக்கு இதைப் பண்றது நியாயமே இல்ல.

அடுத்து, நம்பிக்கை. மலை ஏறுறதுக்கு முன்னாடி கோயில்ல நிறுத்தி, சூடம் ஏத்தி, சக்கரத்துக்கு அடியில எலுமிச்சம்பழம் வச்சு எடுக்குறாங்க. நல்லது, பண்ணுங்க. அந்த நிறுத்தத்துலயே டயர் காத்தும் பிரேக் ஆயிலும் பாத்துட்டீங்கன்னா இன்னும் நல்லது. ஆனா இன்னொரு நம்பிக்கை இருக்கு, அதை விட்டுடுங்க. நியூட்ரல்ல இறங்கினா பெட்ரோல் மிச்சமாகுமாம். இப்ப வர்ற வண்டியில கியர்ல போட்டு ஆக்சிலேட்டர்ல இருந்து கால எடுத்தாலே இஞ்செக்டர் பெட்ரோல நிறுத்திடும். நியூட்ரல்ல போட்டாத்தான் என்ஜின் ஓடுறதுக்கு பெட்ரோல் குடிக்கும். சாவியத் திருப்பி என்ஜினையே நிறுத்துறவங்களும் இருக்காங்க. அப்ப பிரேக் கட்டை மாதிரி இறுகிடும், பவர் ஸ்டீயரிங்கும் போயிடும்.

எந்த கியர்ல ஏறுவியோ அந்த கியர்ல இறங்குன்னு பழைய டிரைவருங்க சொல்வாங்க. செகண்ட் கியர், ரொம்பச் செங்குத்துன்னா ஃபர்ஸ்ட். ஆட்டோமேட்டிக் வண்டின்னா கியர் லீவர L-ல போடுங்க. பிரேக்க மிதிச்சே வைக்காதீங்க. விட்டு விட்டு, ஒரு தடவை அழுத்தி வேகத்தக் குறைச்சுட்டு கால எடுத்துடுங்க. டாட் 3-ங்கிற வகை பிரேக் ஆயில் புதுசா இருக்கும்போதே 205 டிகிரிக்கு மேல கொதிச்சுடும், ஈரம் சேர்ந்த பழைய ஆயில்னா 140லயே. கொதிச்சா ஆவிக் குமிழி வந்து பெடல் பஞ்சு மாதிரி உள்ள போகும். பிரேக் கருகுற வாடை வந்தாலே ஓரங்கட்டி அரை மணி நேரம் ஆற விடுங்க. சக்கரத்துல தண்ணி ஊத்தாதீங்க, சூடான டிஸ்க் வளைஞ்சுடும். ஹேண்ட் பிரேக்கும் வேணாம், கியர்ல போட்டு சக்கரத்துக்குக் கல்லு வைங்க. கிளம்புறப்ப அந்தக் கல்ல ரோட்லயே விட்டுட்டுப் போகாதீங்க, பின்னால வர்ற பைக்காரர் கவுந்துடுவார்.

முன்னாடி போற லாரிக்காரர் கை காட்டினா முந்தலாமான்னு கேப்பீங்க. அவர் கை காட்டுறது ஒரு மரியாதை, உத்தரவாதம் கிடையாது. உங்க கண்ணுக்கு ரோடு தெரியுற வரைக்கும் போகாதீங்க. முந்தின பிறகு சின்னதா ஒரு ஹார்ன் குடுத்தா நன்றின்னு அர்த்தம், இங்க எல்லாரும் அத எதிர்பார்ப்பாங்க.

பலாப்பழ சீசன்ல கோத்தகிரி ரோட்ல குஞ்சப்பனை, குன்னூர் ரோட்ல பர்லியாறு பக்கம் யானை ரோட்டுக்கு வரும். அங்க யார் முதல்லன்னு கேள்வியே கிடையாது. தூரத்துலயே நிறுத்துங்க, ஹார்ன், ஃபிளாஷ் ரெண்டும் வேணாம், வண்டிய விட்டு இறங்கவே இறங்காதீங்க.

கோடை சீசன்ல வழக்கமா குன்னூர் வழியா ஏறவும் கோத்தகிரி வழியா இறங்கவும் மாத்தி விடுவாங்க. செல்போன் மேப்புக்கு அது சில நேரம் தெரியாது. நீலகிரிக்கு வர்ற வண்டிக்கான இ-பாஸ் எடுக்கும்போதே இதையும் விசாரிச்சுட்டு, ஊட்டியிலயே பெட்ரோல் போட்டுட்டு இறங்குங்க. செக்போஸ்ட்ல நிக்குற போலீஸ்கிட்ட "மேப் இப்படித்தான் காட்டுது"ன்னு வாதாடாதீங்க, உங்களுக்குப் பின்னால ஒரு வரிசையே நிக்கும்.