கொழும்பு வெக்கையிலும் பலூடா ஜெலி ஏன் உருகுவதில்லை? புதிதாய் வந்தவர்களுக்கு ஒரு சந்தைச் சுற்று

[திரையில்: உயரமான கிளாஸ். அடியில் சிவப்புப் பாணி, நடுவில் பச்சை ஜெலி, மேலே பால்.]

இந்தக் கிளாஸை நல்லாப் பாருங்கோ. வெளியில 32 பாகை வெயில். ஐஸ்கிரீம் வழிஞ்சு போச்சு, ஐஸ் கரைஞ்சு போச்சு. ஆனால் அந்தப் பச்சை ஜெலித் துண்டு மட்டும் வெட்டின மூலை மழுங்காமல் நிற்குது. அரை மணித்தியாலம் கழிச்சு வந்து பார்த்தாலும் அப்படியேதான் நிற்கும். ஏன்? பதில் கடலுக்குள்ள இருக்கு. கொஞ்ச நேரத்தில சொல்றன், அதுவரைக்கும் போயிடாதேங்கோ.

வணக்கம். வேலைக்கோ படிப்புக்கோ கொழும்புக்குப் புதிதாய் வந்து, எந்தச் சந்தைக்கு எப்ப போறது, இந்த வெயிலுக்கு எதைக் குடிக்கிறது என்று யோசிக்கிறவர்களுக்குத்தான் இந்த வீடியோ.

முதலில வெயில். மார்ச்சில தொடங்கி மே வரைக்கும் வாட்டும். ஏப்ரல் 5 முதல் 14 வரை சூரியன் இலங்கைக்கு நேர் மேலே நிற்கிற நாட்கள். கடல் காற்றில ஈரம் கூட என்றபடியால் வியர்வை காயாது, உடம்பு குளிராது. அதுதான் புழுக்கம். வியர்வையோட உப்பும் போகுது. தெருவில மாங்காய், அன்னாசி, அம்பரெல்லா எல்லாத்துக்கும் உப்பும் மிளகாய்த் தூளும் தூவித் தருவினம். தேசிக்காய்த் தண்ணிக்கும் ஒரு சிட்டிகை உப்புப் போடச் சொல்லிக் கேளுங்கோ.

அடுத்தது புறக்கோட்டை. கோட்டைக்குப் புறத்தே இருக்கிற இடம், அவ்வளவுதான் வரலாறு. ஆனால் ஒன்றைச் சொல்லாமல் போக மனம் வரேல்ல. ஆங்கிலத்தில இதை 'பெட்டா' என்பினம். அது எங்கட 'பேட்டை'! தமிழ்ச் சொல்லை ஆங்கிலம் தூக்கிக்கொண்டு போயிட்டுது, நாங்கள் வேற பெயரால கூப்பிடுறம்.

புறக்கோட்டைக்குக் காலமையே போங்கோ. வெங்காயம், பருப்பு, சீனி மொத்தமாய் வேணுமென்றால் நாலாம் குறுக்குத் தெரு. நன்னாரி வேர், மூலிகை வேணுமென்றால் கபோஸ் லேன். பழைய வீடியோக்களைப் பார்த்திட்டு மெனிங் சந்தையை, அதாவது மொத்த மரக்கறிச் சந்தையை, அங்க தேடாதேங்கோ. அது 2020 கடைசியில பேலியகொடைக்குப் போயிட்டுது, மொத்த மீன் சந்தை அதுக்கு முன்னமே 2011இல் போயிட்டுது. வெள்ளிக்கிழமை மத்தியானம் ஜும்ஆத் தொழுகைக்கு நிறையக் கடைகள் பூட்டுவினம், அந்த நேரத்தைத் தவிருங்கோ. ஞாயிறும் போயா தினமும் (பௌர்ணமி விடுமுறை) மொத்தக் கடைகள் பெரும்பாலும் இல்லை, போயாவுக்கு இறைச்சியும் வாங்கேலாது.

விலைப் பலகையைப் பார்க்கும்போது ஒரு கவனம். பெரிய எழுத்தில விலை இருக்கும், மூலையில சின்னதாய் '250 கிராம்' என்று இருக்கும். கிலோ விலை என்று நினைச்சு இரண்டு கிலோ போடச் சொன்னால், பணம் குடுக்கிற நேரம் திகைச்சுப் போவீங்கள். 'கிலோ எவ்வளவு?' என்று வாயால கேளுங்கோ, தராசு சுழியத்தில நிற்குதா என்றும் பாருங்கோ.

மாம்பழத்துக்கு வெள்ளவத்தை. புறக்கோட்டையில 100ஆம் இலக்க பாணந்துறை பஸ் ஏறினால், காலிமுகத்திடல், கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி தாண்டி அங்கேயே இறக்கிவிடும். யாழ்ப்பாணத்துக் கறுத்தக்கொழும்பான் அங்கதான் தேடவேணும். பெயரில கொழும்பு, புகழ் யாழ்ப்பாணத்துக்கு! நல்லாப் பழுத்தாலும் தோல் முழுக்க மஞ்சளாகாது, பச்சை கலந்தே இருக்கும். அதனால நிறத்தை நம்பாதேங்கோ. காம்படியை மணந்து பாருங்கோ. தோல் ஒரே சீராய் மஞ்சள், காம்பில மணமே இல்லை, அமத்தினால் கல்லு மாதிரி என்றால், அது மருந்து போட்டுப் பழுக்க வைச்சதாய் இருக்கலாம். வாங்காதேங்கோ.

[திரையில்: மறுபடி பலூடா கிளாஸ்.]

சரி, பலூடா! பாரசீகத்தில இருந்து வந்த பெயர். ஈரானில இது உறைய வைச்ச மெல்லிய சேமியா, கொழும்பில இது ரோஸ் பாணியும் பாலும் கசகசாவும் ஜெலியும்.

முதலில கசகசா. தமிழ்நாட்டுச் சமையல் வீடியோ பார்க்கிறவர்களே, இங்க நில்லுங்கோ. அவையள் குருமாவுக்கு அரைக்கிற கசகசா வெள்ளை விதை. கொழும்புக் கூல் ஸ்பொட்டில, அதாவது குளிர்பானக் கடையில, கசகசா என்றால் கறுப்பு விதை, துளசிக் குடும்பத்துத் திருநீற்றுப்பச்சிலையின்ர விதை. அங்க இதுக்குப் பெயர் சப்ஜா. இங்கத்தைய கசகசாவை அரைச்சுக் குருமாவில போட்டால் சட்டி முழுக்கக் கொழகொழ என்று ஆயிடும். உங்கட ஊரில இதுக்கு என்ன பெயர் என்று கீழ எழுதுங்கோ, எனக்கு உண்மையாவே தெரிஞ்சுகொள்ள ஆசை.

ஒரு கிளாஸுக்கு 1 தேக்கரண்டி விதை, அரைக் கப் தண்ணி, 15 நிமிஷம். போட்ட முதல் நிமிஷம் கிண்டிக்கொண்டே இருக்கவேணும், இல்லாட்டி கட்டி கட்டியாய் ஒட்டும். நேராய்ப் பாணிக்குள்ள போடக்கூடாது. சீனி தண்ணியைப் பிடிச்சு வைச்சுக்கொள்ளும், விதை ஊதாது. ஊறாத விதையைப் பிள்ளைகளுக்குக் குடுக்கவே வேண்டாம், தொண்டைக்குள்ள போய் ஊதினால் ஆபத்து.

இப்ப அந்த ஜெலி. பெட்டியில வாற ஜெலி அநேகமாய் ஜெலட்டின், மிருகத்தின்ர எலும்பு, தோலில இருந்து எடுக்கிறது. அது 30, 35 பாகைக்குள்ளேயே இளகிவிடும். ஏப்ரல் மாதக் கொழும்பின்ர மத்தியான வெயிலும் அதே கணக்குத்தான்! குளிர்சாதனப் பெட்டிக்கு வெளியில வைச்சால் தண்ணியாகிறது அதனால்தான். பலூடாவில அநேகமாய்ப் போடுறது கடற்பாசி, அதாவது அகர் அகர். கடலில விளையிற சிவப்புப் பாசியில இருந்து எடுக்கிறது. இது 40 பாகைக்குக் கிட்ட வரும்போதே உறைஞ்சிடும், ஆனால் திரும்ப உருக வேணுமென்றால் 85 பாகை வேணும். உறையிறது ஒரு சூட்டில, உருகிறது வேற சூட்டில! எத்தனை தரம் சொன்னாலும் எனக்கு இது ஆச்சரியம்தான். நோன்பு திறக்கிற நேரம் முஸ்லிம் வீடுகளில கடற்பாசி இனிப்புச் செய்து மேசையில வைப்பினம், குளிரூட்டி இல்லாமலே நிற்கும். சைவக்காரருக்கும் பிரச்சினை இல்லை.

செய்யிற விதம்: 10 கிராம் கடற்பாசி இழையை அரை மணித்தியாலம் ஊற வைச்சுப் பிழிஞ்சு, 1 லீட்டர் தண்ணியில போட்டுக் கொதிக்க வையுங்கோ. ஒரு இழைகூடக் கண்ணுக்குத் தெரியாமல் கரைஞ்ச பிறகுதான் சீனி. முதலே சீனி போட்டால் இழை கரையாமல் நூல் நூலாய் நிற்கும். அநேகமான ஆட்கள் பிழைவிடுற இடம் இதுதான். தேசிக்காய்ச் சாறு விடுறதென்றால் அடுப்பை அணைச்ச பிறகு விடுங்கோ, புளியோட சேர்ந்து கொதிச்சால் கடற்பாசி உறைகிற பலத்தை இழந்திடும்.

இன்னொன்று. பச்சை அன்னாசித் துண்டு போட்டு ஜெலட்டின் ஜெலி செய்து பாருங்கோ, உறையவே உறையாது. அன்னாசியில இருக்கிற நொதியம் ஜெலட்டினைச் சமிக்க வைச்சிடும். கடற்பாசி புரதம் இல்லை, அதில அந்த நொதியத்துக்கு வேலையே இல்லை. அன்னாசி போட்டும் அழகாய் உறையும். இதுக்கு ஒரு லைக் போடலாம்தானே!

அடுக்கிற ஒழுங்கு: அடியில 2 மேசைக்கரண்டி ரோஸ் பாணி, மேல ஜெலி, அதுக்கு மேல ஊறின கசகசா. பிறகு காய்ச்சி ஆற வைச்சுக் குளிராக்கின பால் 200 மில்லிலீட்டர், கரண்டியின்ர முதுகில மெதுவாய். கடைசியில ஐஸ்கிரீம்.

பலூடா கனமென்றால் நன்னாரி சர்பத். தேசிக்காயும் பாலும் ஒரே கிளாஸில வேண்டாம், திரைஞ்சு போகும். கடை ஐஸை ஒருக்காப் பாருங்கோ. நடுவில ஓட்டை உள்ள குழாய் ஐஸ் நல்லது. பெரிய கட்டியை உடைச்சுப் போடுற ஐஸ் மீனுக்கு வந்ததா, குடிக்க வந்ததா என்று கண்ணால சொல்லேலாது. அதைக் கண்டால் ஐஸ் இல்லாமல் கேளுங்கோ.

ஐஸே வேண்டாமென்றால் தெம்பிலி, செம்மஞ்சள் இளநீர், இலங்கையின்ர சொந்தச் சாமான். காதுக்குக் கிட்ட வைச்சு ஆட்டுங்கோ. தளதளவென்று சத்தம் வந்தால் தண்ணி குறைஞ்ச முத்தல். சத்தமே இல்லை, கையில பாரம் என்றால் எடுங்கோ. நிழலில குலையாய்க் கிடக்கிறதில இருந்து வெட்டச் சொல்லுங்கோ. குலையை விட்டுக் கழண்டு வெயிலில கிடந்தது உள்ளுக்குப் புளிக்கத் தொடங்கும், நாக்கில சுறுசுறுவென்று இருந்தால் குடிக்காதேங்கோ. குடிச்சு முடிய 'வழுக்கல் வேணும்' என்றால் இரண்டாய்ப் பிளந்து, மட்டையில ஒரு சீவல் வெட்டிக் கரண்டியாய்த் தருவினம். சிறுநீரக வருத்தம் உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்காமல் குடிக்கவேண்டாம், இதில பொட்டாசியம் கூட.

பின்னேரம் காலிமுகத்திடல். 1859இல் ஆளுநர் ஹென்றி வார்ட் பெண்களும் பிள்ளைகளும் காற்று வாங்கட்டும் என்று அமைச்ச நடைபாதை, இன்றைக்கு இஸ்ஸோ வடையின்ர தலைநகர். பருப்பு வடைக்கு மேல முழு இறால். குவிச்சு வைச்சதை எடுக்கவேண்டாம், அது இரண்டாம் தரம் எண்ணெய் குடிச்சது. தாச்சிக்குக் கிட்ட நின்று, புதுசாய்ப் போடச் சொல்லி, வெங்காயமும் மிளகாய்ச் சோஸும் தனியாய் வாங்குங்கோ. முதலே மேல ஊத்தினால் கடற்கரைக்கு நடந்து போய்ச் சேர முதல் வடை ஊறிப்போகும்.