அறுபது பிறந்தது பண்டகசாலையிலே

நடுவர் அவர்களே, நல்லூரில் கூடியிருக்கும் சபையோரே, வணக்கம். பண்டைத் தென் ஈராக்கில் வாழ்ந்த சுமேரியரின், அறுபது அறுபதாக எண்ணும் கணக்கு பிறந்தது வானத்திலா, பண்டகசாலையிலா என்பது தலைப்பு. எதிரணித் தம்பி நாளுக்கு 60 நாழிகை, சுற்றுக்கு 60 வருடம் என்று பஞ்சாங்கத்தையே விரித்துக் கைதட்டலும் வாங்கிவிட்டார். சரி. பஞ்சாங்கம் 60ஐ எடுத்து ஆண்டது உண்மை. அதைப் பெற்றெடுத்தது யார் என்பதல்லவா வழக்கு?

அந்தச் சுமேரியரின் உருக் நகரத்துக்கு வாருங்கள். 5,000 ஆண்டுக்கு முந்திய ஈரக் களிமண் பலகை. கணக்கன் நாணல் தண்டைச் சரித்து அழுத்துகிறான், சின்னக் கூம்பு விழுகிறது, அது 1. நிமிர்த்தி அழுத்தினால் சின்ன வட்டம், 10. தடித்த தண்டைச் சரித்தால் பெரிய கூம்பு, 60. நிமிர்த்தினால் பெரிய வட்டம், 3,600. எண்ணியது எதை? ஆட்டை, ஆளை, சாடியை!

வேடிக்கை இனித்தான். ஆட்டுக்கு 10 ஆக நின்ற அதே சின்ன வட்டம், வாற்கோதுமையை அளக்கும்போது 6 ஆகிவிடும். காணிக்கு இன்னொரு கணக்கு. நாங்கள் அரிசிக்குக் கொத்து, தோட்டத்துக்குப் பரப்பு என்று வைத்திருக்கவில்லையா, அப்படித்தான். வானத்திலிருந்து இறங்கிய எண் சரக்குக்குச் சரக்கு மாறுமா?

வருடத்துக்கு 360 நாள், அதில் வந்தது 60 என்றார் தம்பி. எந்த வானத்தில் ஐயா வருடம் 360 நாள்? சந்திர மாதம் சிலவேளை 29, சிலவேளை 30. எல்லா மாதத்தையும் 30 ஆக்கியது, கூலித் தானியம் அளந்த கணக்கனின் வசதி. அவனுக்குப் பங்கு பிரிக்க வேண்டும். 60ஐ 2, 3, 4, 5, 6 எதனாலும் மிச்சமின்றிப் பிரிக்கலாம். 10ஐ மூன்று பேருக்குப் பிரித்துப் பாருங்கள், சண்டைதான் வரும். அப்புறம் நிறையிலும் 60 ஷெக்கல் ஒரு மினா, 60 மினா ஒரு டாலண்ட் என்றாயிற்று.

அதே மண்ணில் பின்னாளில் வந்த பாபிலோனியர் ராசிச் சக்கரத்தை 30 பாகை வீதம் பன்னிரண்டாக வகுத்தது கி.மு. 5ஆம் நூற்றாண்டில். அதற்குள் பெரிய கூம்புக்கு 2,500 வயது தாண்டிவிட்டது. எதிரணியில் அடுத்து எழும்புகிற அக்கா, இந்த இடைவெளிக்குப் பதில் சொல்லிவிட்டு நட்சத்திரத்துக்குப் போகட்டும்.