தொட்டியும் வடிகுழாயும்

நேயர்களுக்கு வணக்கம். இரைப்பைப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை முடிந்ததும் வீட்டார் கேட்கும் கேள்வி பெரும்பாலும் இதுதான்: "கட்டியைத்தான் எடுத்தாயிற்றே, இனி மருந்து எதற்கு?" ஜப்பானில் இரண்டாம், மூன்றாம் நிலை நோயாளிகள் 1059 பேரைக் கொண்டு நடந்த ஓர் ஆய்வு இதற்கு விடை தந்தது. கட்டியும் நிணநீர்க் கணுக்களும் நீக்கப்பட்டபின், ஒரு பிரிவினருக்கு மட்டும் எஸ்-1 என்ற வாய்வழி மருந்தை ஓராண்டு கொடுத்தார்கள். ஐந்தாண்டு கழித்து அவர்களில் 71.7 விழுக்காட்டினரும், மருந்து பெறாதவர்களில் 61.1 விழுக்காட்டினரும் உயிரோடிருந்தனர்.

நூற்றுக்குப் பத்துப் பேர் கூடுதலாகப் பிழைக்கிறார்கள் என்பது பெரிய செய்தி. ஆனால் அந்தப் பத்துப் பேர் யார்? மருந்தே இல்லாமலும் பிழைத்திருக்கக் கூடியவர்களிடமிருந்து அவர்களை எப்படிப் பிரித்தறிவது? உடலின் வேதிவினைகளை நடத்தும் நொதிகளிடம் நாம் கேட்பது இதைத்தான்.

எஸ்-1 மாத்திரையிலுள்ள டெகாஃபூர் உடலுக்குள் ஃபுளோரோயுராசிலாக மாறுகிறது. 1957இல் சார்லஸ் ஹைடல்பெர்கரும் உடன் உழைத்தவர்களும் அறிவித்த இந்தப் பழைய மருந்து, செல்லுக்கு வேண்டிய யுராசில் போலவே தோற்றமளித்து, டி.என்.ஏ.வுக்கான மூலப்பொருளை ஆக்கும் தைமிடிலேட் சிந்தேஸ் என்ற நொதியை முடக்கிவிடும். அதே மருந்தைச் சிதைத்து வெளியேற்றுவது டி.பி.டி. எனப்படும் இன்னொரு நொதி. செலுத்திய மருந்தில் 80 விழுக்காட்டுக்கும் மேல் இதன் கையில் அழிந்துபோகிறது. மொட்டைமாடித் தொட்டியின் வடிகுழாயைத் திறந்துவைத்துவிட்டு மோட்டாரைப் போட்ட கதைதான். எஸ்-1இல் சேர்த்துள்ள கிமெராசில், அந்த வடிகுழாயை அளவோடு அடைக்கிறது. அளவோடு என்பதை அழுத்திச் சொல்கிறேன்.

அளவு மீறினால் என்ன ஆகும் என்பதை ஜப்பானே கண்டது. நான் எங்கே பேசினாலும் இந்தக் கதைக்கு வந்துவிடுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். 1993இல் அக்கி நோய்க்கு சொரிவுடின் என்ற புதிய மருந்து அங்கே விற்பனைக்கு வந்தது. புற்றுநோயாளிகளுக்கு எதிர்ப்பாற்றல் குறைவதால் அக்கி எளிதில் வரும். ஆகவே ஏற்கெனவே ஃபுளோரோயுராசில் வகை மாத்திரை உண்டுவந்த பலர் இதையும் சேர்த்து உண்டார்கள். குடலிலுள்ள நுண்ணுயிர்கள் சொரிவுடினை வேறொரு பொருளாக மாற்ற, அந்தப் பொருள் டி.பி.டி.யை மீள முடியாதபடி முடக்கிவிட்டது. மோட்டார் ஓடிக்கொண்டே இருக்க, வடிகுழாய் ஒரேயடியாக அடைபட்டது. குடலும் எலும்பு மஜ்ஜையும் நச்சேறி, சில வாரங்களிலேயே ஒரு டஜனுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்களைக் கொன்றது புற்றுநோயும் அன்று, அக்கியும் அன்று.

கட்டிக்கு வருவோம். நான் சொன்ன ஆய்வில் 829 பேரின் கட்டித் துணுக்குகள் மெழுகுக் கட்டிகளில் பாதுகாக்கப்பட்டிருந்தன. விரல்நுனி அளவுள்ள அந்த மெழுகைத் தாளினும் மெல்லிதாகச் சீவி, இந்த நொதிகளின் மரபணு எந்த அளவு இயங்கியது என்று அளந்தார்கள். டி.பி.டி. மிகுந்திருந்தவர்களுக்கு எஸ்-1 கூடுதலாகப் பயன்பட்டது. வடிகுழாயை அடைக்கும் மருந்து என்பதால் இது வியப்பளிக்கவில்லை. தைமிடிலேட் சிந்தேஸ் மிகுந்தவர்களுக்கும் பயன் கூடியதுதான் வியப்பு, ஏனெனில் அது மிகுந்தால் மருந்துக்குக் கட்டி அடங்காது என்றே பலரும் நினைத்திருந்தோம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. நோய் எப்படிப் போகும் என்று சொல்வது ஒன்று. இந்த மருந்து இவருக்கு உதவுமா என்று சொல்வது வேறொன்று. மருந்து பெறாத பிரிவோடு ஒப்பிடாமல் இரண்டாவதைச் சொல்லவே முடியாது. இந்த அளவீடு ஒன்றை மட்டும் நம்பி ஒருவருக்கு மருந்தை மறுப்பதும் தகாது.

நேரம் முடிந்ததாகக் கண்ணாடிக்கு அப்பாலிருந்து சைகை காட்டுகிறார்கள். விரிவாகச் சொல்ல நினைத்ததைச் சுருக்கிவிடுகிறேன்: சிலருக்குப் பிறவியிலேயே டி.பி.டி. குறைவு. இது கட்டியைப் பற்றியதன்று, ஆளைப் பற்றியது. இரத்தப் பரிசோதனையிலேயே தெரிந்துவிடும். ஃபுளோரோயுராசில் தொடங்குமுன் இதைப் பார்க்கும்படி ஐரோப்பிய மருந்து முகமை 2020இல் பரிந்துரைத்தது. வணக்கம்.