எந்த பெர்னௌலி?

அவையோர்க்கு வணக்கம்.

இயற்பியலில் திரவ ஓட்டம் பற்றிய பெர்னௌலி தேற்றம், புள்ளியியலில் நிகழ்தகவு பற்றிய பெர்னௌலி பரவல். இரண்டும் ஒரே ஆள் தந்தது என்று எழுதும் மாணவர்கள் நிறைய உண்டு. குற்றம் அவர்கள்மேல் இல்லை. பாடநூல் வெறும் குடும்பப் பெயரோடு நின்றுவிடுகிறது. சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் மசாலா வணிகம் செய்த அந்த வீட்டில் மூன்று தலைமுறைக்குள் எட்டுக் கணித அறிஞர்கள். அவர்களில் யோஹான் மூவர், யாக்கோபு இருவர், நிக்கோலஸ் இருவர். பெயர்க் குழப்பம் இல்லாதவர் டேனியல் ஒருவரே!

போதாக்குறைக்கு, யாக்கோபைப் பிரெஞ்சுக்காரர் ழாக் என்பார், ஆங்கிலேயர் ஜேம்ஸ் என்பார். பட்டியல் எடுப்பவர் ஒருவரையே மூவராக எண்ணிவிடுவார். ‘பாசல் கணிதப் பேராசிரியர்’ என்ற குறிப்பும் கைகொடுக்காது. 1687 முதல் 1790 வரை யாக்கோபு, அவர் தம்பி யோஹான், யோஹானின் அதே பெயர் கொண்ட மகன் என்று அந்த நாற்காலி வீட்டைவிட்டு வெளியே போகவே இல்லை.

ஆகவே ஆண்டைப் பாருங்கள், கூடவே பொருளையும் பாருங்கள். நிகழ்தகவு, எண்களின் அடுக்குக் கூட்டல் என்றால் மூத்த யாக்கோபு (1655–1705). இங்கேயே ஒரு பொறி இருக்கிறது. அவருடைய நிகழ்தகவு நூல் அச்சேறியது 1713-இல், அவர் இறந்து எட்டாண்டு கழித்து. அச்சு ஆண்டை மட்டும் நம்பினால் தம்பியிடம் போய் நிற்போம். அடுக்குகளைக் கூட்டும் சூத்திரத்துக்கு உதவும் பெர்னௌலி எண்கள் அந்த நூலில்தான் வருகின்றன. அவற்றை வைத்து முதல் ஆயிரம் எண்களின் பத்தாம் அடுக்குகளை அரைக்கால் மணி நேரத்துக்குள் (ஏழரை நிமிடம்) கூட்டிவிட்டதாக அவரே பெருமையடித்துக்கொள்கிறார். விடை 32 இலக்கம். நம் ராமானுஜன் 1911-இல் இந்தியக் கணிதக் கழக இதழில் வெளியிட்ட முதல் கட்டுரையும் இந்த எண்களைப் பற்றியதே.

திரவ ஓட்டம் என்றால் யோஹானின் மகன் டேனியல், 1738. ஆனால் கரும்பலகையில் நாம் எழுதும் சமன்பாட்டு வடிவம் அவருடையதல்ல, பின்னால் கணித அறிஞர் ஆய்லர் தந்தது. தகப்பனார் சும்மா இருக்கவில்லை. 1734-இல் பாரிஸ் அறிவியல் அகாதெமி பரிசை மகனோடு பங்கிட நேர்ந்ததே அவருக்குப் பொறுக்கவில்லை. பிறகு தாமும் திரவவியல் நூல் ஒன்றை வெளியிட்டு, மகனை முந்தியதாகக் காட்ட 1732 என்று ஆண்டு போட்டுக்கொண்டார். இத்தனைக்கும் அவர் சொந்தச் சரக்கே வேறு பெயரில் உலவுகிறது: 0/0 போன்ற எல்லை மதிப்புகளைக் காணும் லோப்பிட்டால் விதி. 1694-இல் ஆண்டுக்கு 300 லிவர் (அன்றைய பிரெஞ்சு நாணயம்) சம்பளம் பேசி, தம் கண்டுபிடிப்புகளை லோப்பிட்டால் என்ற பிரெஞ்சுப் பிரபுவுக்குக் கொடுத்தவர் யோஹான்தான்.

கணக்கின்படி சராசரி ஆதாயம் முடிவிலியாக வந்தும் யாரும் பெருந்தொகை கட்டி ஆடத் துணியாத ஒரு சூதாட்டம் பற்றியது செயின்ட் பீட்டர்ஸ்பர்க் முரண்பாடு. அதற்கு ஒரே பெயரை எழுதினால் தவறு. 1713-இல் கேள்வியை எழுப்பியவர் யாக்கோபின் இன்னொரு தம்பியின் மகன் நிக்கோலஸ். 1738-இல் பீட்டர்ஸ்பர்க் அகாதெமி வழியே விடை வெளியிட்டவர் டேனியல். இதற்கு இரண்டு பெயரையும், இரண்டு ஆண்டையும் சேர்த்தே எழுத வேண்டும்.