வெளிர் ரோஸ் கியூடெக்ஸ்: வீட்டில் பூசிப் பார்ப்போம்

[திரையில்: ஜன்னலோரம் ஒரு கை. மூன்று விரல்களில் மூன்று வெளிர் ரோஸ்.]

வணக்கம். இந்த மூன்று விரலையும் கொஞ்சம் பாருங்கள். போத்தலில் மூன்றும் கிட்டத்தட்ட ஒரே நிறம்தான். நகத்தில் ஏறியதும் ஒன்று சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்து நிற்கிறது. அடுத்தது திட்டுத்திட்டாகக் கிடக்கிறது. மூன்றாவதுதான் வடிவாக இருக்கிறது.

வெளிர் ரோஸ் சுலபம் என்று நினைத்துத்தான் பலரும் வாங்குகிறார்கள். அலுவலகத்துக்கும் போகலாம், கோயிலுக்கும் போகலாம், வீட்டில் பெரியவர்களும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். அதெல்லாம் சரி. ஆனால் பூசுவதற்கு இதைவிடப் பிடிவாதமான நிறம் இல்லை. கடுஞ்சிவப்பைக்கூட இரண்டு இழுப்பில் ஒப்பேற்றிவிடலாம்.

[திரையில்: போத்தலின் அடி, மிக அருகில்.]

காரணம் உள்ளே இருக்கும் வெள்ளை நிறமி. டைட்டேனியம் டையொக்சைட் என்பார்கள். சுவருக்கு அடிக்கும் வெள்ளைப் பெயின்டிலும் இதுதான். ஒளியை நன்றாக மறைக்கும். அதனால் பூச்சு ஓரிடத்தில் தடித்தும் இன்னோரிடத்தில் மெலிந்தும் போனால், அந்த வித்தியாசம் பளிச்சென்று காட்டிக்கொடுத்துவிடும். கனமான தூள் என்பதால் அடியிலும் படியும். இதோ, அடியில் ஒரு வெள்ளைக் கோடு தெரிகிறதல்லவா? போத்தலை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து உருட்டுங்கள். உள்ளே சின்னக் குண்டுகள் இருந்தால் ஓடும் சத்தம் கேட்கும். கோடு மறையும்வரை உருட்டினால் போதும்.

வாங்கும்போது ஒரு விஷயம். வெள்ளவத்தையிலோ புறக்கோட்டையிலோ கடைக்குள் டியூப் லைட்டுக்குக் கீழே நின்று நிறத்தை முடிவு செய்யாதீர்கள். வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து பாருங்கள். நம் மாநிறக் கைக்கு நீலம் ஓடும் ரோஸ் அவ்வளவாக ஒத்துவராது, விரல் களையிழந்து தெரியும். பீச் அல்லது பழுப்புச் சாயல் உள்ள ரோஸ், அதிலும் நகம் லேசாகத் தெரியும் மெல்லிய வகை, எனக்குப் பிடித்தது. இது என் கண்ணுக்கு. உங்கள் கண் வேறு சொன்னால் அதைக் கேளுங்கள்.

[திரையில்: ரிமூவர் நனைத்த பஞ்சால் நகம் துடைக்கப்படுகிறது.]

அடுத்தது நகம். தலைக்கு எண்ணெய் வைத்த கையோடு, பாத்திரம் கழுவிய கையோடு உட்கார வேண்டாம். எண்ணெய் இருந்தால் பூச்சு பிடிக்காது. தண்ணீரில் ஊறிய நகம் கொஞ்சம் உப்பியிருக்கும். அதன்மேல் பூசினால், நகம் காய்ந்து பழைய அளவுக்கு வரும்போது ஓரம் உரியும். கை நன்றாகக் காய்ந்த பிறகு, ரிமூவரால் ஒருமுறை துடைத்துவிட்டு, நிறத்துக்கு முன் பூசும் நிறமில்லாத அடிப்பூச்சு, அதாவது பேஸ் கோட், ஒன்று போடுங்கள்.

பூசும் நேரமும் முக்கியம். கியூடெக்ஸ் என்பது எத்தில் அசிற்றேற், பியூட்டைல் அசிற்றேற் போன்ற கரைப்பான்களில் கரைந்த நைட்ரோசெலுலோஸ். பழைய கார்களுக்கு அடித்த லாக்கரும் இதே சங்கதிதான். கரைப்பான் ஆவியாகிப் போக, மெல்லிய படலம் மிஞ்சும். கொழும்பு மத்தியான வெயிலில், ஃபேனும் சுழன்றால், தூரிகை இரண்டாம் முறை வருவதற்குள் மேற்பரப்பு இறுகிவிடும். அதன்மேல் மறுபடி இழுத்தால் திட்டு. ஆகவே பின்னேரம், ஃபேனை நிறுத்திவிட்டுப் பூசுங்கள். ஆனால் ஜன்னல் திறந்திருக்கட்டும், அந்த ஆவி தீப்பிடிக்கும். சாமி விளக்கு எரியும் இடத்திலோ காஸ் அடுப்பருகிலோ உட்காராதீர்கள்.

[திரையில்: ஒரு நகம், மூன்று இழுப்பு.]

நடுவில் ஒன்று, இரு பக்கமும் ஒவ்வொன்று. அவ்வளவுதான், கையை எடுத்துவிடுங்கள். முதல் கோட் அசிங்கமாகத்தான் இருக்கும். கோடு கோடாக, நகம் தெரிந்துகொண்டு. அதைச் சரிசெய்யப் போகிறேன் என்று தடவினால்தான் காரியம் கெடும். ஐந்து நிமிடமாவது விட்டு இரண்டாவது கோட். இரண்டாவதில் கோடுகள் அடங்கும். தேவைப்பட்டால் மெல்லிசாக மூன்றாவது. கடைசியில் நிறமில்லாத மேற்பூச்சு, அதாவது டொப் கோட், நகத்தின் நுனி விளிம்பிலும் ஒரு தடவு.

[திரையில்: சோறு, பருப்பு, தேங்காய்ச் சம்பல்.]

இனித்தான் நம் வீட்டுப் பிரச்சினை. எஸ்ஸி நிறுவனத்தின் ‘பலே ஸ்லிப்பர்ஸ்’ என்ற வெளிர் ரோஸை இரண்டாம் எலிசபெத் அரசிக்காகக் கேட்டு 1989இல் அவருடைய சிகையலங்காரக்காரர் கடிதம் எழுதியதாகச் சொல்வார்கள். அரசி பருப்பும் சோறும் கையால் பிசைந்து சாப்பிட்டிருக்க மாட்டார். நாம் சாப்பிடுகிறோம். மஞ்சளில் உள்ள குர்குமின் நல்ல சாயம். கடுஞ்சிவப்பில் அது தெரியாது, வெளிர் ரோஸில் மறைய இடமில்லை. இன்னொரு வேடிக்கை பாருங்கள்: கறைபட்ட விரலைச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்தால் மஞ்சள் செம்பழுப்பாக மாறும். பதற வேண்டாம். சவர்க்காரம் காரத்தன்மை உள்ளது, குர்குமின் காரத்தில் சிவக்கும். நன்றாக அலசினால் அந்தச் சிவப்பு போய்விடும்.

மேலே தொட்டால் காய்ந்த மாதிரி இருந்தாலும் உள்ளே முழுதாக இறுக மணிக்கணக்கில் ஆகும். அதுவரை சாயம் சுலபமாக ஏறும். எனவே பூசிய அன்று இரவு கரண்டியால் சாப்பிடுங்கள், அல்லது இடியப்பமும் வெள்ளைச் சொதியும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சொதியிலும் மஞ்சள் போடும் வீடு என்றால் கரண்டிதான். மெல்லிய கறைக்கு வெயில் உதவும், குர்குமின் வெளிச்சத்தில் மங்கும் சாயம். ரிமூவரால் கறையைத் துடைக்கப் போனால் கறையோடு பூச்சும் போய்விடும்.

போத்தல் கெட்டியாகிவிட்டால் அதற்குள் ரிமூவர் ஊற்றாதீர்கள், பூச்சு கெடும். இதற்கென்றே தின்னர் விற்கிறார்கள், சில துளி போதும். மூடுமுன் போத்தல் கழுத்தையும் ஒருமுறை துடைத்துவிடுங்கள். அங்கே காய்ந்து கிடந்தால் மூடி இறுகாது, மிச்சமும் காய்ந்துபோகும்.