பிங் போகுது, பெரிய ஃபைல் மட்டும் போகல: தப்பு யார் மேல?

வணக்கம். போன வீடியோவுக்கு நிறைய கேள்வி வந்திருக்கு. அதுல ஒண்ணு என்னை விடவே மாட்டேங்குது. மத்ததை ஒதுக்கி வெச்சுட்டு இன்னிக்கு அதை மட்டும் எடுத்துக்கறேன்.

கேட்டவர் எழுதினதைச் சுருக்கிச் சொல்றேன். "சார், ஒரு பக்கம் விண்டோஸ் சர்வர், இன்னொரு பக்கம் லினக்ஸ் ஸ்டோரேஜ். ரெண்டுலயும் ஜம்போ ஃப்ரேம் போட்டிருக்கோம். நடுவுல இருந்த சுவிட்சை எடுத்துட்டு வேற கம்பெனி சுவிட்ச் போட்டோம். பிங் நல்லா போகுது, லாகின் ஆகுது, சின்ன ஃபைல் காப்பி ஆகுது. பெரிய ஃபைல் போட்டா ஆரம்பிச்ச இடத்துலயே நிக்குது. விண்டோஸ் டீம் லினக்ஸைக் கை காட்டறாங்க, லினக்ஸ் டீம் சுவிட்சைக் கை காட்டறாங்க. தப்பு யார் மேல?"

புதுசா வந்தவங்களுக்கு: பிங்னா ஒரு சின்ன பாக்கெட்டை அனுப்பி மறுபக்கத்துலேர்ந்து பதில் வருதான்னு பாக்கற கமாண்ட். ஜம்போ ஃப்ரேம்னா வழக்கமான 1500 பைட்டுக்குப் பதிலா ஒரே தடவையில 9000 பைட் வரைக்கும் அனுப்பற பெரிய பொட்டலம். நம்ம பழைய ஆளுங்களுக்கு நான் என்ன சொல்லப் போறேன்னு இப்பவே தெரிஞ்சிருக்கும். யார் மேல தப்புன்னு கேக்காதீங்க, ஒவ்வொண்ணும் என்ன நினைச்சுக்கிட்டு இருக்குன்னு கேளுங்க. கலப்பு நெட்வொர்க்ல பெட்டி கெட்டுப் போறதைவிட, ரெண்டு நல்ல பெட்டி ஒரே நம்பரை வேற வேற அர்த்தத்துல எடுத்துக்கறதுதான் அதிகம்.

முதல்ல பிங் விஷயம். பிங் போகுதுன்னா லைன் நல்லா இருக்குன்னு முடிவு கட்டிடறோம். விண்டோஸ் பிங் எவ்வளவு டேட்டா அனுப்புது? 32 பைட். லினக்ஸ் 56 பைட். உங்க ஜம்போ ஃப்ரேம் 9000 பைட். 32 பைட் போனதை வெச்சு 9000 பைட்டுக்கு யாரும் சான்றிதழ் கொடுக்க முடியாது. லாகினும் சின்ன பாக்கெட்தான், கனெக்‌ஷன் ஆரம்பிக்கும்போது நடக்கற டிசிபி கைகுலுக்கலும் சின்ன பாக்கெட்தான். அதனாலதான் எல்லாம் சரியா நடக்கற மாதிரி காட்டி, காப்பி பண்ணும்போது மட்டும் நிக்குது. இன்னொண்ணும் பாருங்க. பத்து ஃபைல் இருக்கற ஃபோல்டரைத் திறந்தா திறக்கும். ஆயிரக்கணக்குல ஃபைல் இருக்கற ஃபோல்டர்னா அந்த லிஸ்ட்டே பெரிய பாக்கெட் ஆயிடும், அதுவும் தொங்கும். "அந்த ஒரு ஃபோல்டர்ல ஏதோ பர்மிஷன் பிரச்னை"ன்னு யாராவது தேட ஆரம்பிச்சா, அன்னிக்கு முழுக்க அதுலயே போயிடும்.

சரி, எப்படிச் சோதிக்கறது? பிங்லயே பெரிய பாக்கெட்டை, வழியில துண்டாக்கக் கூடாதுன்னு கொடி போட்டு அனுப்பணும். விண்டோஸ்ல பிங் மைனஸ் எஃப், மைனஸ் எல் 8972. லினக்ஸ்ல பிங் மைனஸ் கேபிடல் எம், டூ (do-ங்கற வார்த்தை, நம்பர் இல்லை), அப்புறம் மைனஸ் சின்ன எஸ் 8972. மேக்கா இருந்தா மைனஸ் கேபிடல் டி, மைனஸ் எஸ். ஏன் 8972? ஐபி தலைப்பு 20 பைட், பிங் பயன்படுத்தற ஐசிஎம்பியோட தலைப்பு 8 பைட். 8972ஓட 28 கூட்டினா 9000. சாதாரண 1500க்கு அதே கணக்குல 1472.

இதுல வர்ற பதிலைக் கவனமாப் படிக்கணும். "துண்டாக்கணும், ஆனா துண்டாக்கக் கூடாதுன்னு கொடி இருக்கு"ன்னு மெசேஜ் வந்தா நல்லது, யாரோ ஒருத்தர் வாயைத் திறந்து சொல்லியிருக்காங்க. உங்க மெஷினே சொல்லியிருக்கலாம், வழியில இருக்கற ரவுட்டர் சொல்லியிருக்கலாம். ஒண்ணுமே இல்லாம டைம் அவுட் ஆகுது, ஆனா 1472 போட்டா போகுதுன்னா, நடுவுல ஒருத்தர் சத்தமில்லாம தூக்கிப் போடறாங்க. உங்க கேஸ் எனக்கு இதுதான்னு தோணுது. லேயர் 2 சுவிட்ச், அதாவது ஐபியைப் பாக்காம மேக் அட்ரஸை (கார்டோட ஹார்டுவேர் நம்பரை) வெச்சு ஃப்ரேமைத் தள்ளிவிடற சுவிட்ச், ரவுட்டர் இல்லை. ஃப்ரேம் பெருசா இருந்தா அனுப்பினவருக்குத் தகவல் சொல்ற வேலை அதுக்குக் கிடையாது, போட்டுட்டுப் போயிட்டே இருக்கும். ஆனா கணக்கு மட்டும் வெச்சிருக்கும். அந்த போர்ட்டோட கவுண்டரை எடுத்துப் பாருங்க. ஜெயண்ட்ஸ், இல்லைன்னா ஓவர்சைஸ்னு ஒரு வரி இருக்கும். நீங்க காப்பி போடப் போட அது ஏறுதுன்னா வழக்கு முடிஞ்சது. புது சுவிட்ச் டப்பாவுலேர்ந்து வந்தபடி 1500லயே உக்காந்திருக்கு.

இப்ப சிலர் கேப்பீங்க, "டிசிபியே அளவைப் பேசித் தீர்த்துக்காதா?"ன்னு. பேசிக்கும், ஆனா ரெண்டு முனை மட்டும்தான் பேசிக்கும். ஒரு பக்கம் 9000, மறுபக்கம் 1500ன்னா, எம்எஸ்எஸ் (ஒரு பாக்கெட்ல வைக்கற டேட்டாவோட அளவு) சின்னதுக்கு இறங்கி 1460ல வேலை நடந்துடும். உங்க ரெண்டு முனையும் 9000ன்னு ஒத்துக்கிச்சு. நடுவுல இருக்கற சுவிட்சை யாரும் கேக்கலை. ரெண்டு பேரும் சரியா கான்ஃபிகர் பண்ணினதாலதான் பிரச்னையே வந்திருக்கு!

இங்கதான் எனக்குப் பிடிச்ச இடம் வருது. "சுவிட்ச்லயும் 9000 போட்டுட்டேன் சார், அப்பவும் வரலை"ன்னு அடுத்த கேள்வி வரும். எந்த 9000? விண்டோஸ்ல நிறைய நெட்வொர்க் கார்டு டிரைவர் 9014ன்னு காட்டும். அது ஈதர்நெட் தலைப்பு 14 பைட்டையும் சேர்த்துச் சொல்ற கணக்கு. லினக்ஸ் 9000ம்பாங்க, அது தலைப்பு இல்லாத கணக்கு. ரெண்டும் ஒண்ணுதான். சிஸ்கோ பெட்டியில ஓடற ஐஓஎஸ்ல இன்டர்ஃபேஸ் எம்டியூ (ஒரே தடவையில போகக்கூடிய அதிகபட்ச அளவு) 1500, ஜூனிப்பர்ல அதே இன்டர்ஃபேஸ் 1514, அதுவும் ஒண்ணுதான். ஆனா ரெண்டுலயும் கண்ணை மூடிக்கிட்டு 9000 போட்டீங்கன்னா, ஜூனிப்பர் பக்கம் ஐபிக்குக் கிடைக்கறது 8986. அந்த ரெண்டுக்கும் நடுவுல ஓஎஸ்பிஎஃப் (ரவுட்டருங்க ஒண்ணுக்கொண்ணு வழி சொல்லிக்கற புரோட்டோகால்) ஓடிக்கிட்டு இருந்தா, எக்ஸ்ஸ்டார்ட்ங்கற ஆரம்பக் கட்டத்துலயே மாட்டிக்கிட்டு நிக்கும். திரையில ரெண்டு பக்கமும் 9000ன்னுதான் தெரியும். அதனாலதான் ஸ்டோரேஜ் பக்கத்துல இருக்கற சுவிட்ச்ல 9216 மாதிரி பெரிய நம்பராப் போடறது வழக்கம். நடுவுல இருக்கறவருக்கு இடம் தாராளமா இருந்தா யாருக்கும் நஷ்டம் இல்லை.

இதே கதை வேற வேஷத்துலயும் வரும். ஒரு ஆபீஸ்ல ரெண்டு டீம் முறைச்சுக்கிட்டு நின்னதைப் பாத்திருக்கேன். ஒருத்தர் விண்டோஸ்ல ட்ரேஸ் (பாக்கெட் எந்தெந்த ரவுட்டர் வழியா போகுதுன்னு காட்டற கமாண்ட்) போட்டா கடைசி வரைக்கும் போகுது. இன்னொருத்தர் லினக்ஸ்ல போட்டா பாதியிலேர்ந்து வெறும் நட்சத்திரம். "உன் மெஷின்ல ரூட் தப்பு", "உன்னோடது பொய் சொல்லுது"ன்னு ஒரே சண்டை. விண்டோஸ் ட்ரேசர்ட் ஐசிஎம்பி அனுப்பும். லினக்ஸ் ட்ரேஸ்ரூட் வழக்கமா யுடிபி அனுப்பும், 33434லேர்ந்து போர்ட் நம்பர் ஏறிக்கிட்டே போகும். நடுவுல இருந்த ஃபயர்வால் முன்னதை விட்டுச்சு, பின்னதை விடலை. ரெண்டு பேர் சொன்னதும் நிஜம். லினக்ஸையும் ஐசிஎம்பி அனுப்ப வைக்கற மைனஸ் கேபிடல் ஐ போட்டதும் ரெண்டும் ஒரே பதில். ரெண்டு பக்கமும் பாருங்கன்னு நான் திரும்பத் திரும்பச் சொல்றது இதுக்குத்தான். பாக்கெட் பிடிக்கறதா இருந்தா ரெண்டு முனையிலயும் ஒரே நேரத்துல பிடிங்க. இந்தப் பக்கம் டிசிபிடம்ப், அந்தப் பக்கம் வயர்ஷார்க். ஒரு முனையில மட்டும் பிடிச்சா "நான் அனுப்பிட்டேன்"ங்கற வாக்குமூலம் மட்டும்தான் கிடைக்கும், மறுபக்கம் போய்ச் சேர்ந்துதான்னு தெரியாது.

உண்மையைச் சொல்லணும்னா, எனக்கு இந்தக் கேள்வியைவிட இதுக்கு முன்னாடி வந்திருக்க வேண்டிய கேள்வி மேலதான் ஆசை. "வேற கம்பெனி சுவிட்ச் வாங்கப் போறோம், மாட்டறதுக்கு முன்னாடி என்ன பாக்கணும்?" யாரும் கேக்கறதே இல்லை. ஸ்பேனிங் ட்ரீயை எடுத்துக்கோங்க, அதாவது சுவிட்சுகளுக்கு நடுவுல டிராஃபிக் வட்டமடிக்காம பாத்துக்கற முறை. ரூட், அதாவது அந்த மரத்தோட தலைமை சுவிட்ச், யாருன்னு நீங்க கையால சொல்லலைன்னா எல்லா சுவிட்சும் 32768ன்னே முன்னுரிமை சொல்லும். அப்புறம் எந்த மேக் அட்ரஸ் சின்னதோ அது ஜெயிக்கும். பெரும்பாலும் அது மூலையில தூசி படிஞ்சு கிடக்கற பழைய சுவிட்சாத்தான் இருக்கும். மொத்த டிராஃபிக்கும் அது வழியா சுத்திக்கிட்டுப் போகும். அது போதாதுன்னு ஒரு பக்கம் சிஸ்கோவோட முறையில விலானுக்கு (ஒரே சுவிட்சுக்குள்ள பிரிச்ச தனி நெட்வொர்க்குக்கு) ஒரு மரம், மறுபக்கம் பொதுத் தரத்துல எம்எஸ்டி, அதாவது பல விலானுக்குச் சேர்த்து ஒரு மரம். எல்லாத்தையும் எம்எஸ்டிக்குக் கொண்டு வாங்க, ரூட்டை நீங்களே எழுதி வைங்க.

எந்த போர்ட்ல யார் மாட்டியிருக்காங்கன்னு பாக்க சிஸ்கோவோட சொந்த புரோட்டோகாலான சிடிபியை நம்பியிருந்தா, வேற கம்பெனி பெட்டி பெரும்பாலும் அதுல பேசாது. அதே வேலைக்குப் பொதுத் தரமான எல்எல்டிபியை எல்லா இடத்துலயும் ஆன் பண்ணி விடுங்க. நேரம் எல்லாத்துக்கும் ஒரே என்டிபி மூலத்துலேர்ந்து வரட்டும். டொமைன்ல லாகினைச் சரிபாக்கற கெர்பரோஸுக்கு, வழக்கமா அஞ்சு நிமிஷத்துக்கு மேல கடிகாரம் விலகினா லினக்ஸ் மெஷின் டொமைன்ல உள்ளே வராது, அதை எல்லாரும் பாஸ்வேர்ட் பிரச்னைன்னுதான் நினைப்பாங்க.

கேட்டவர் கடைசி வரியில இன்னொண்ணும் கேட்டிருக்கார்: "பேசாம எல்லாத்தையும் 1500க்கு இறக்கிடலாமா?" இறக்கிட்டு ஒரு பெரிய ஃபைல் காப்பி பண்ணி வேகத்தை அளந்து பாருங்க. வித்தியாசம் உங்க வேலைக்குத் தெரியலைன்னா அப்படியே விட்டுடுங்க. தெரியுதுன்னா, ஸ்டோரேஜுக்குன்னு தனி விலான் ஒதுக்கி, அதுல மட்டும் ஜம்போ வைங்க. அந்த விலான்ல பிரிண்டர், கேமரா, ஆபீஸ் லேப்டாப் எதையும் விடாதீங்க. முதல்ல அந்த ஜெயண்ட்ஸ் கவுண்டரைப் பாத்துட்டு, ரெண்டு போர்ட்லயும் என்ன நம்பர் இருந்ததுன்னு எழுதி அனுப்புங்க.