வேஷத்துக்குள் முகம் உண்டா?

நேயர்களுக்கு வணக்கம். தொலைக்காட்சித் தொடர்களில் பால்புதுமையினர், அதாவது ஆண், பெண் என்ற வழக்கமான வரையறைக்குள் அடங்காதவர்கள் என்றதும் நமக்குத் தன்பாலீர்ப்பாளர், திருநங்கைப் பாத்திரங்கள்தான் நினைவுக்கு வரும். நான் டான் டிரேப்பரிடமிருந்து தொடங்குகிறேன். 2007 முதல் 2015 வரை ஓடிய ‘மேட் மென்’ என்ற அமெரிக்கத் தொடரின் நாயகன். கோட்டு, தொப்பி, சிகரெட், அளந்து பேசும் பேச்சு. ஆம்பளை என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று தோன்றும். ஆனால் அந்தப் பெயரே அவனுடையது இல்லை. கொரியப் போரில் இறந்த ஒரு ராணுவ அதிகாரியின் பெயரை எடுத்துக்கொண்டவன் அவன்.

சரி, இது வேஷம்தானே என்பீர்கள். வேஷம் என்ற சொல்லில் ஒரு சிக்கல் இருக்கிறது. கலைத்துவிட்டால் உள்ளே அசல் முகம் தெரியும் என்ற நம்பிக்கையும் அதோடு வந்துவிடுகிறது. அமெரிக்கத் தத்துவ அறிஞர் ஜூடித் பட்லர் 1990இல் வெளியிட்ட ‘ஜெண்டர் டிரபிள்’ என்ற நூலில் கேள்வி கேட்டது அந்த நம்பிக்கையைத்தான். நடை, உடை, குரல் என்று திரும்பத் திரும்பச் செய்துதான் ஆண், பெண் என்பதே உருவாகிறது என்றார். அதற்காக, நினைத்தால் மாட்டி நினைத்தால் கழற்றும் சட்டை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பிசகினால் தண்டனை உண்டு.

அதே தொடரில் சால் என்றொரு ஓவியக் கலைஞன். விளம்பர நிறுவனத்தில் வேலை. ஆண்கள்மீதுள்ள ஈர்ப்பை மறைத்துக் கல்யாணமும் செய்துகொண்டவன். தான் எடுக்கப்போகும் விளம்பரத்தை ஓர் இரவு மனைவிக்கு விளக்குகிறான். அதில் வரும் பெண்ணாகவே மாறிப் பாடுகிறான், ஆடுகிறான். சிரித்தபடி பார்த்துக்கொண்டிருந்த மனைவியின் முகம் மெல்ல மாறுகிறது. இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. எத்தனை கட்டுரை படித்தாலும் இந்த ஒரு நிமிடம் கற்றுத்தருவது வராது என்பேன். பின்னால், தன்மீது ஆசைப்பட்ட ஒரு வாடிக்கையாளருக்கு இணங்காததால் சாலின் வேலை போகிறது.

அப்புறம் ‘போஸ்’ என்ற இன்னோர் அமெரிக்கத் தொடர், 2018இல் தொடங்கியது. திருநங்கைப் பாத்திரங்களில் திருநங்கையரே நடித்தார்கள். கதை 1980களின் நியூயார்க். கறுப்பின, லத்தீன் அமெரிக்கத் தன்பாலீர்ப்பாளரும் திருநங்கையரும் நடத்தும் ‘பால்’ (ball) போட்டிகள், அதாவது உடுத்தி மேடையில் நடந்தும் ஆடியும் காட்டும் போட்டிகள். அவற்றில் ‘ரியல்னெஸ்’ என்றொரு பிரிவு உண்டு. உதாரணத்துக்கு, பெரிய நிறுவன அதிகாரியைப் போல உடுத்தி நடந்து காட்ட வேண்டும். தெருவில் போனால் ஒருவரும் திரும்பிப் பார்த்துச் சந்தேகப்படக் கூடாது, அவ்வளவு கச்சிதம். நடுவர்கள் அட்டையைத் தூக்கி மதிப்பெண் காட்டுவார்கள்.

டான் அந்த மேடையில் நடந்திருந்தால் பத்துக்குப் பத்து வாங்கியிருப்பான். அவனுக்கு அட்டை காட்டத்தான் ஆளில்லை. அதே நடைக்கு அவனுடைய அலுவலகத்தில் சம்பளம் கொடுத்தார்கள்.